யாப்பையா சறுக்கிய ஆறு

யாப்பையாவை ஆற்றுக்குள் முதலில் கண்டவர் சாமித்தம்பி. தை மாதம். வெளிச்சம் வந்திருந்தது, சூரியன் வரவில்லை. ஆரையம்பதியில் வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்பார்கள். அன்று கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஆற்றின் மேல் பனி படுத்திருந்தது. கரைச் சேற்றில் வளரும் கண்ணா மரங்கள் வேரில்லாமல் அந்தரத்தில் நிற்பது போலிருந்தன.

சாமித்தம்பி வலையை எடுத்துத் தோணியில் போட்டுவிட்டு, கம்பை ஊன்றி ஊன்றிக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நாலைந்து செப்பலி மீனும் ஒரு கைப்பிடி இறாலும்தான் அன்றைக்கு. அப்போதுதான், முழங்கால் அளவு தண்ணீரில் ஓர் உருவம் குனிந்தபடி போய்க்கொண்டிருப்பதைக் கண்டார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. ஒரு காலைச் சாய்வாக நீட்டித் தள்ளும். உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாயும். பிறகு மற்றக் கால். தண்ணீர் சத்தமே போடவில்லை.

"பேயெண்டுதான் முதல் நினைச்சன்" என்று பின்னர் அவர் சந்திக் கடையில் சொன்னார். "மறுகா பாத்தா நம்மட ஐயா. தரையில இழுபடுற அந்தக் கால் தண்ணிக்குள்ள இழுபடல்ல. நல்ல வடிவாப் போகுது. பேசாம கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டன்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் வயதான மனிதர் திடுக்கிட்டு விழுந்துவிடுவார் என்று பயம். தோணியைக் கண்ணாவில் கட்டிவிட்டு, இறங்கி அவருக்குப் பக்கத்தில் நடந்தார்.

"ஐயா, எங்க போறீங்க இந்தப் பனிக்குள்ள?"

யாப்பையா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முன்னால் பனிக்குள் எங்கேயோ கையை நீட்டி, தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"ஓம், ஓம். போவம். ஆனா இந்தப் பக்கத்தால போவம். அங்கால சேறு."

சாமித்தம்பி வளைந்தார். அவரும் வளைந்தார். அப்படியே ஒரு பெரிய வட்டமாகக் கூட்டிக்கொண்டுபோய், அவருடைய வீட்டு வளவின் பின்பக்கத்தில் கரையேற்றிவிட்டார்.

வதனி குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். அப்பா படுக்கையில் இல்லை என்பதே அவளுக்குத் தெரியாது. ஈரச் சாரத்தோடு அவர் வாசலில் வந்து நின்றதும் கையில் மாவோடு ஓடி வந்தாள். ஓடி என்று சொல்லக்கூடாது. வதனி எங்கேயும் ஓடுவதில்லை. வந்தாள்.

"ரீச்சர், ஏசிப்போடாதீங்க" என்றார் சாமித்தம்பி. "ஐயாக்கு ஒண்டுமில்ல. கொஞ்சம் குளிருது போல."

"ஆத்துக்குள்ள இறங்கினவரா?"

"இறங்கினது மட்டுமில்ல. கண்ணாவுக்கு அங்கால போயிற்றார். நான் காணாட்டி அந்தக் கரைக்கும் போயிருப்பார்."

வதனி அப்பாவின் காலைத் துடைத்தாள். அவர் அவள் தலைக்கு மேலால் ஆற்றையே பார்த்துக்கொண்டு, இரண்டு மாதமாகச் சொல்லிவரும் அதே சொற்களை மறுபடி சொன்னார். நீட் டார், மெய்ஷே. டுன். டுன்.

அவருடைய பெயரே யாப் என்பதுதான். எழுபத்தெட்டில் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டபின், கூரை போன பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போட ஒல்லாந்திலிருந்து வந்த இளைஞர் கூட்டத்தில் அவரும் ஒருவர். தச்சு வேலை தெரிந்தவர். ஊரில் இருந்த தமிழ் வாத்தியார் ஒருவர், "யாப்பு, அணி எண்டு நாங்க மண்டையப் போட்டு உடைக்கிறம். இவன் அதையே பேரா வைச்சிக்கொண்டு வந்திரிக்கான்" என்று சொல்லப்போய், அன்றிலிருந்து அவர் யாப்பையா ஆனார். மற்றவர்கள் வேலை முடிந்ததும் கப்பலேறினார்கள். இவர் இராசாத்தியைக் கண்டு நின்றுவிட்டார் என்று ஊர் சொல்லும். இராசாத்தி இருந்தவரை அதை ஒத்துக்கொண்டதில்லை. "என்னக் கண்டு நிக்கல்ல. பந்தடிக்க ஆள் கிடைச்சிற்று எண்டு நிண்டவர்" என்பாள்.

அதிலும் உண்மை இருந்தது. பகலில் பள்ளிக்கூட வாங்குகளும் மேசைகளும் செய்வார். நாலு மணியானால் உளியை வைத்துவிட்டு எழும்பிவிடுவார். ஒரு நாள் நீச்சல், ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் உதைபந்து. அவருடைய நாட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. உயரமான கம்பத்தில் அடியில்லாத பிரப்பங்கூடையைக் கட்டி அதற்குள் பந்தைப் போடவேண்டும். ஒரே அணியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கவேண்டும். ஊர் கொதித்தது. அவர் சண்டை பிடிக்கவில்லை. வீடு வீடாகப் போய்த் தேத்தண்ணி குடித்தார். உடைந்த தமிழில், "உங்கட மகள் நல்லா எறிவா. நான் கிணத்தடியில பாத்தன், வாளி எறியிற கை" என்று தாய்மாருக்குச் சொன்னார். ஒரு வருடத்தில் பெட்டைகளும் பொடியன்களுமாக அந்தக் கூடையின் கீழே புழுதி கிளப்பினார்கள்.

கிரிக்கெட் மட்டும் அவருக்குப் பிடிக்காது. நின்றுகொண்டு செய்வதெல்லாம் விளையாட்டா என்பார். பேத்தி ஆர்த்திகா கிரிக்கெட் அணியில் சேர்ந்தபோது, அம்மப்பா ஒரு கிழமை அவளோடு பேசவில்லை. அதன்பிறகு அவள் பந்து போடுவதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீ ஓடி வாற வரைக்கும் நல்லா இரிக்கு" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது, இந்த மண்ணில் செய்ய முடியாதது. மழை நாட்களில் வீட்டு மண்டபத்தின் சிவப்புச் சீமெந்துத் தரையில் தேங்காயெண்ணெய் தேய்த்து, காலுறையோடு நின்று சறுக்கிக் காட்டுவார். குனிந்து, கை இரண்டையும் பின்னால் கட்டி, ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்கு. இராசாத்தி விளக்குமாறோடு வருவாள். பிள்ளைகள் சுவரோரம் குந்தியிருந்து கேட்பார்கள். அங்கே மார்கழி, தையில் ஆறு இந்தத் தரை போல இறுகிவிடும். இரும்புக் கத்தி பூட்டிய சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, ஊரிலிருந்து ஊருக்கு ஆற்றின் மேலேயே போகலாம். கறுத்த ஐஸ்தான் நல்ல ஐஸ். கண்ணாடி மாதிரி, கீழே புல் ஆடுவது தெரியும்.

"அப்ப மீன் என்ன செய்யும் ஐயா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"கீழ நிண்டு எங்கட காலப் பாத்துக்கொண்டிரிக்கும்."

அந்தப் பிள்ளைகளில் பலர் இரவு கனவில் ஆரையம்பதி ஆற்றின் மேல் நடந்தார்கள். இன்றைக்கு ஐம்பது வயதானவர்களிடம் கேட்டாலும், அந்தக் கனவைத் தாம் கண்டதாகவே சொல்வார்கள்.

வதனியும் கண்டாள். அவள் நடக்கவில்லை, ஓடினாள். அவளுக்கு எல்லாமே ஓட்டம்தான். பதினாறு வயதில் எண்ணூறு மீற்றரில் மாவட்டத்தில் அவளைத் தொட ஆளில்லை. அப்பா ஆற்றங்கரை மணலில் சைக்கிளில் முன்னால் போவார், அவள் பின்னால் ஓடுவாள். அவருடைய முதுகு காற்றை மறித்துக்கொடுக்கும். அந்த வருடத் தையில் ஒல்லாந்தில் பெரிய உறைபனி. பதினொரு ஊர்களைச் சுற்றி ஐஸ் மேல் ஓடும் பந்தயத்தை, காலையிலிருந்து மாலைவரை மாமரத்தடியில் சிற்றலை வானொலியைக் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுக் கேட்டு அவளுக்குத் தமிழில் சொன்னார். முன்னுக்கு வந்தவன் கடைசிக் கோட்டைத் தாண்டியபோது தகப்பனும் மகளும் வியர்த்திருந்தார்கள்.

மாகாணப் போட்டி திருகோணமலையில். அதற்கு இரண்டு கிழமை முன்புதான் அது நடந்தது.

மாவட்டப் போட்டியின்போதே வேலிக்கரையில் சிலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் விரைவாக ஓடுகிறார்கள், யாருக்கு மூச்சு நிற்கிறது என்று பார்க்கிற பார்வை. பிறகு அஞ்சலோட்ட அணியில் ஓடிய பிள்ளைகள் இருவர் பள்ளிக்கு வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இயக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்று பேச்சு. போனார்களா, கொண்டுபோனார்களா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஆமி காவலரண். அங்கேயும் விரைவாக ஓடும் பெட்டைகளைப் பற்றிக் கேள்விகள் இருந்தன.

பயிற்சி நாளன்று யாப்பையா மைதானத்துக்கு வந்தார். பிள்ளைகள் எல்லாரும் நிற்க, விளையாட்டு வாத்தியாரிடம் சத்தமாகச் சொன்னார்.

"வதனி ஓட ஏலா. அவக்கு நெஞ்சில ஓட்டை. டொக்டர் சொல்லிற்றார். இனி ஓடினா செத்துப்போவா."

எந்த டொக்டரும் சொல்லவில்லை. அவளுடைய நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. அவள் அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பினார். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய ஓட்டச் சப்பாத்தைக் காணவில்லை.

அந்தச் சொல் ஊரில் நின்றுவிட்டது. வகுப்பில் தண்ணீர்ப் பானை தூக்கக்கூட அவளை விடமாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் சந்திக் கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப்போனார்கள். இருபத்தேழு வயதில், வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்யும் தவராசா, "ஓட்டை இரிந்தா இரிக்கட்டும்" என்று வந்தபோதுதான் கலியாணம் நடந்தது. அதற்குள் அவள் கணக்கு ரீச்சர் ஆகியிருந்தாள். அந்த அஞ்சலோட்டப் பிள்ளைகள் இருவரும் திரும்பி வரவேயில்லை. தான் உயிரோடு இருப்பது எதனால் என்று வதனிக்குத் தெரியும். தெரிந்தாலும் மனம் ஆறவில்லை. யுத்தம் முடிந்தபின் அப்பா மறுபடி மைதானத்துக்குப் போனார். ஊரார் பிள்ளைகளைப் பார்த்து "ஓடு, ஓடு" என்று அவர் கத்துவது வீட்டுக்குக் கேட்கும். அப்போதெல்லாம் அவள் குசினி யன்னலைச் சாத்திவிடுவாள். அவளிடம் மட்டும் அவர் ஓடு என்ற சொல்லை அதன்பிறகு சொன்னதேயில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்றும் சொன்னதில்லை.

போன கார்த்திகை மழையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் காலும் பாதி போயின. தமிழ் முழுவதும் போனது. நாற்பத்தைந்து வருடம் பேசிய மொழி, ஒரே இரவில் அலம்பித் துடைத்தது போல. ஒல்லாந்து மொழி மட்டும் மிஞ்சியது. அவர் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. "தமிழ் பழகவே என்ர வாய் போயிற்று, நீங்க அதப் பழகி என்ன செய்யப்போறீங்க" என்று விட்டுவிட்டார். ஆர்த்திகா மொழிபெயர்க்கத் தன் போனை அவர் வாயருகே வைத்துப் பார்த்தாள். நாக்கு குழறியதால் போனுக்கும் புரியவில்லை.

சாமித்தம்பி கூட்டிவந்த அன்று பகல் தவராசா வயல் வட்டையிலிருந்து வந்தான். வெட்டுக் காலம். உடம்பெல்லாம் வைக்கோல் சுணை. குளித்துவிட்டு வந்து, கூனிச் சுண்டலும் சோறும் வைத்துச் சாப்பிட்டபடி கேட்டான்.

"படலையப் பூட்டி வைச்சா என்ன?"

"பின்பக்கம் முழுக்க ஆறு. ஆத்துக்கு எங்க படலை?"

"அப்ப நான் ஒண்டு சொன்னாக் கோவிக்காதீங்க. அவர் கேக்கிறது ஊரை. கடைசிக் காலத்துல பிறந்த இடத்தத்தான் மனம் தேடும். உங்கட மாமி சொல்றதக் கேட்டா என்ன?"

யாப்பையாவின் தங்கை வில்மா கிழமைக்கு ஒருமுறை போனில் பேசுவாள். அண்ணனுக்கு இன்னும் அந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது, வயோதிபரைப் பார்க்கும் நல்ல இல்லம் இருக்கிறது, தாதிமார் இரவு பகல் நிற்பார்கள், தன் மகன் வந்து கூட்டிப்போவான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வதனி இதுவரை பதில் சொல்லவில்லை.

"அனுப்புவம்" என்றாள் வதனி.

தவராசாவின் கை கோப்பையில் நின்றது. அவள் இவ்வளவு சுளுவாகச் சம்மதிப்பாள் என்று அவன் நினைக்கவில்லை.

"அம்மா, அம்மப்பா என்ன கேக்கிறார் எண்டு தெரியாம எப்பிடி அனுப்பிற?" என்றாள் ஆர்த்திகா. "நுஸ்ராட மாமா ஹொலண்ட்ல இரிந்தவர். காத்தான்குடியிலதான் கடை வைச்சிரிக்கார். கேட்டுப் பாப்பமே."

நுஸ்ரா அவளோடு கிரிக்கெட் ஆடுபவள். வதனி வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம் நுஸ்ராவின் மாமா ஸாஹிர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நரைத்த தாடி, மடித்த சட்டைக் கை, ஒரு பார்சல் தொதல் இனிப்பு. ரொட்டர்டாமில் பூந்தோட்டக் கண்ணாடி வீடுகளில் பல வருடம் வேலை செய்தவர். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே உள்ளே பார்த்து அந்த மொழியில் ஏதோ சொன்னார்.

யாப்பையா நாற்காலியில் நிமிர்ந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை வீட்டார் கண்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஸாஹிர் பக்கத்தில் குந்திக்கொண்டார். யாப்பையா பேசப்பேச ஸாஹிர் தலையாட்டினார், ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக் கவனமாகக் கேட்டார். வெளியே வாடைக்காற்று தென்னோலையைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஆர்த்திகா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப் போயிற்று.

"ஊருக்குப் போகணும் எண்டு கேக்கிறாரா?" என்று வதனி கேட்டாள்.

"இல்ல ரீச்சர். போக என்ன இரிக்கு, அவர் ஐஸ்ஸுக்கு மேலதான் இரிக்கார். இப்பயும் போய்க்கொண்டுதான் இரிக்கார்." ஸாஹிர் தாடியைத் தடவினார். "காலையில வெளிக்கிட்டவராம். நல்ல கறுத்த ஐஸ்ஸாம். எதிர்க்காத்தாம். அவர் முன்னுக்குப் போறாராம், பின்னால ஒரு புள்ள வருதாம்."

"ஆர் புள்ள?"

"மெய்ஷே எண்டு சொல்றார். பேரில்ல அது. பொம்புளப் புள்ளையக் கூப்பிடுற சொல்லு, நாங்க மகள் எண்டு சொல்றம் பாருங்க, அதப்போல."

"தங்கச்சியா இரிக்கும்" என்றான் தவராசா.

"டுன் டுன் எண்டு சொல்றாரே, அது என்ன மாமா?" என்று ஆர்த்திகா கேட்டாள்.

"மெல்லிசு." ஸாஹிர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "எப்பிடிச் சொல்ற... அங்க வாய்க்கால் இறுகினா எல்லா இடமும் ஒரே மாதிரி இறுகாது. பாலத்துக்குக் கீழ, வாத்து கிடக்கிற இடத்துல, ஐஸ் மெல்லிசா இரிக்கும். மேலால பாத்தா விளங்காது. வடிவாத்தான் இரிக்கும். கெதியா வாறவங்கதான் அதுல கூட விழுற. முன்னுக்குப் போறவர் பின்னுக்கு வாறவருக்குச் சத்தம் போட்டுச் சொல்லணும். அது அங்கத்த முறை. அதத்தான் இவர் சொல்றார். அங்க போகாத மகள், அங்க மெல்லிசு. அங்க போகாத மகள்."

யாப்பையா ஸாஹிரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் சொல் வேறொரு மொழியில் போவது தெரிந்தவர் போல.

வதனி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அந்தப் புள்ள கேட்டிச்சாமா எண்டு கேளுங்க" என்றாள்.

ஸாஹிர் கேட்டார். யாப்பையா இடது கையால் முழங்காலைத் தடவினார். பிறகு மெதுவாக இரண்டொரு சொல் சொன்னார்.

"கேட்டிச்சாம்" என்றார் ஸாஹிர். தொடர்ந்து சொல்லலாமா என்று பார்த்தார். "ஆனா இன்னும் கோவமாம்."

வதனி எழும்பிக் குசினிக்குள் போனாள். ஸாஹிர் தொதலை எடுத்துக் கிழவரின் கையில் ஒரு துண்டு வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து செருப்பைப் போட்டார். படலையில் நின்று ஆர்த்திகாவிடம், "நான் வெள்ளிக்கிழமைல வந்து பேசிக்கொண்டிரிப்பன் மகள். எனக்கும் அந்தப் பாஷை மறக்குது" என்றார்.

அன்று அந்தியில் வில்மா போன் எடுத்தாள். மகனுக்குப் பயண நாள் குறித்தாகிவிட்டது என்று தொடங்கினாள். வதனி ஆங்கிலத்தில் மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டாள்.

சின்ன வயதில் அண்ணனோடு ஐஸ் மேல் போனதுண்டா?

வில்மா சிரித்தாள். எங்கே? தான் பதினொரு வயது இளையவள். தனக்கு நிற்கத் தெரிந்தபோது அவர் நண்பர்களோடு போய்விட்டார், அதன்பிறகு நாட்டை விட்டே போய்விட்டார். தன்னை அவர் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை.

இப்போது அங்கே தை மாதம்தானே, அவர் வந்தால் ஐஸ் இருக்குமா?

அந்தப் பக்கத்தில் மழை பெய்வது மட்டும் போனில் கேட்டது. பிறகு வில்மா சொன்னாள். இல்லை. இப்போதெல்லாம் வாய்க்கால்கள் நன்றாக உறைவதில்லை. அந்தப் பெரிய பந்தயம் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. பிள்ளைகள் மண்டபத்துக்குள் மெசின் போட்டு உறையவைத்த ஐஸில் சறுக்குகிறார்கள். இல்லத்தில் அண்ணனுக்கு எடுத்திருக்கும் அறையிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். அறை நல்ல சூடாக இருக்கும்.

"அப்ப அப்பா இஞ்சயே இரிக்கட்டும் மாமி" என்றாள் வதனி. தமிழில்தான் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். வில்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

தவராசாதான் கேட்டான். "நீங்க பள்ளிக்கூடம் போனா ஆர் பாக்கிற?"

"லீவு போடுறன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அவர் இரிக்குமட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு, "நாளைக்கு நெல்லுக் கொண்டு வாறன், கொஞ்சம் காய வைக்கணும்" என்று சொல்லிவிட்டு எழும்பினான். சரி என்பதை அவன் அப்படித்தான் சொல்லுவான்.

அதன்பின் அவரை யாரும் மறிக்கவில்லை. பனி நின்ற காலைகளில் சாமித்தம்பி வலை எடுத்துக்கொண்டு வந்ததும் தோணியைக் கட்டுவார், யாப்பையாவின் கையைப் பிடித்து இறக்குவார். சேற்றுக் குழி இருக்கும் இடங்களில் கம்பு நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டிவைத்தார். மற்ற மீன்பிடிகாரர்களும் பழகிவிட்டார்கள். பனிக்குள்ளிருந்து அந்த வெள்ளை உருவம் கை கட்டிச் சாய்ந்து சாய்ந்து வரும்போது, தோணியை ஒதுக்கி வழிவிடுவார்கள். "ஐயா, காத்து எப்பிடி?" என்பார்கள். அவர் ஏதோ சொல்வார். அவர்கள் ஓம் என்பார்கள். வதனி கரையில் துவாயோடு நிற்பாள். தண்ணீருக்குள் இறங்கமாட்டாள்.

மாசியில் ஒரு நாள் சாமித்தம்பி பிந்திவிட்டார். வலை எங்கேயோ மரக்கட்டையில் சிக்கியிருந்தது. யாப்பையா பொறுக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கத் தொடங்கினார். வதனி ஒரு கணம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு துவாயைக் கண்ணாக் கிளையில் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

தண்ணீர் அடியில் கதகதப்பாகவும் மேலே குளிராகவும் இருந்தது. காலுக்குக் கீழே மணல் மெத்தென்று அமிழ்ந்தது. அவர் அவளுடைய கைகளை எடுத்துத் தன் இடுப்பின் இரு பக்கமும் வைத்தார். பின்னால் வருபவர் அப்படித்தான் பிடிக்கவேண்டும் போல. அவர் இடப்பக்கம் சாய்ந்தபோது அவளும் சாய்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தபோது அந்தப் பலவீனமான காலின் பாரம் அவள் கைக்கு வந்தது, அவள் தாங்கினாள். மெல்ல மெல்ல இருவருக்கும் ஒரே சாய்வு வந்தது. பனி முகத்தில் ஈரமாகப் பட்டது. அவருடைய முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. கரை மறைந்தது. கோவில் மணிச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெளிந்து கறுத்திருந்தது. கீழே பாசி ஒரே பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. சின்ன மீன்கள் கலைந்து, திரும்பி வந்து, நின்று பார்த்தன.

சிவப்புத் துணி கட்டிய கம்பு வந்ததும் அவர், "டுன்" என்றார்.

"ஓம் அப்பா" என்றாள் அவள். "மெல்லிசு. நான் போகல்ல."

அவர் வளைந்தார். அந்தக் கம்பைத் தாண்டி, கண்ணா மரங்களையும் தாண்டி, ஆறு அகன்று விரியும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே மணல் திட்டு. தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான். அவர் நின்றார். நல்ல காலால் தரையை இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தார், கூரையின் பலகையைத் தட்டிப் பார்ப்பது போல. பிறகு தன் இடுப்பிலிருந்த அவள் கைகளைக் கழற்றினார். அவளைத் தனக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார். அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"ஓடு" என்றார்.

தமிழில். குழறாமல்.

வதனி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அந்தச் சொல் போய்விடும் என்று பயந்தவள் போல அப்படியே நின்றாள். அவருடைய கை அவள் முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

யாப்பையா அந்த மாதக் கடைசியில் இறந்தார். மத்தியானம் தயிரும் சோறும் தின்றுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. வாகரை, வெல்லாவெளி என்று மணம் முடித்துப் போயிருந்த, அந்தக் காலத்தில் கூடைக்குப் பந்தெறிந்த பெட்டைகளெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். காத்தான்குடியிலிருந்து ஸாஹிர் வந்து, பெட்டியின் தலைமாட்டில் நின்று அந்த மொழியில் நெடுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. வில்மா போனில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து, ஆட்கள் பந்தலின் கீழ் கோப்பி குடித்துக்கொண்டு அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னபோது, சாமித்தம்பி தன் கதையைச் சொன்னார்.

"அண்டைக்கு நான் தோணியில வாறன். பனி கொஞ்சம் விலகிற்று. பாத்தா ரீச்சர் திட்டுல ஓடுறா. தண்ணி ரெண்டு பக்கமும் பிய்ச்சுக்கொண்டு பறக்குது. ஐயா நிண்டு சிரிக்கிறார். எனக்குத் தெரிஞ்சு தண்ணிக்குள்ள அப்பிடி ஓடின ஒரு ஆள நான் காணல்ல."

"ஓடல்ல" என்றாள் வதனி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "தண்ணிக்குள்ள என்னெண்டு ஓடுற? நடந்தனான்."

"நான் கண்டனான் தானே ரீச்சர்."

"கெதியா நடந்தனான்."

"சீலை முழுக்க நனைஞ்சு, கொண்டை அவுண்டு..."

"காத்துக்கு அவுண்டிரிக்கும்."

"அண்டைக்குக் காத்து இல்ல" என்றார் சாமித்தம்பி.

வதனி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பெண் அவள் தோளைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தெரிந்தது, வதனி சிரித்துக்கொண்டிருந்தாள்.